கைச்சுற்று

வேப்பமரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள். முதல் நாள் பார்த்தபோது எனக்கு அப்படித்தான் பட்டது. மார்கழி மாதம், இன்னும் பனி விலகாத நேரம், நங்கநல்லூரில் எங்கள் தெருமுனைப் பூங்கா. இரண்டு உள்ளங்கைகளையும் மரத்தில் ஊன்றி, கால்களைப் பின்னுக்கு வைத்து, நெஞ்சை மரத்தருகே கொண்டுபோய்த் திரும்பத் தள்ளி வந்தாள். பத்து முறை. பிறகு நாலு பக்கமும் பார்த்துவிட்டு, துப்பட்டாவை இழுத்துக் கைகளை மூடிக்கொண்டாள்.

என் முழங்கால் மூன்று சுற்றுக்கு மேல் சொன்ன பேச்சைக் கேட்காது. மீதி நேரம் சிமென்ட் பெஞ்சுதான். 31 வருஷம் பிளவுஸ் தைத்தவள் நான். ஆளைப் பார்ப்பதற்கு முன் தையலைப் பார்த்துவிடுவேன். அவளுடைய சுடிதார் தோளிலிருந்து ஒரு இஞ்ச் இறங்கிக் கிடந்தது. பக்கத்தில் புதிதாக ஒரு தையல், நூல் நிறம் சேரவில்லை. உடம்பு இறங்கிய பெண், அதுவும் சீக்கிரமாக. நாற்பத்தைந்து வயது இருக்கலாம். முகம், கழுத்து, இடுப்பு எல்லாம் வற்றியிருக்க, கை மட்டும் அந்தக் கணக்கில் சேராமல், தோளுக்குக் கீழே பின்பக்கமாகத் தொங்கியது.

என் மிஷின் முன்னால் வந்து நின்ற பெண்களில், இடுப்பை நினைத்து வருந்தியவர்களைவிடக் கையை நினைத்து வருந்தியவர்களே அதிகம். இடுப்பைப் புடவை பார்த்துக்கொள்ளும். "கையைக் கொஞ்சம் இறக்கி வைங்கக்கா" என்பார்கள். ஆறு இஞ்ச் கை எட்டாகும், எட்டு பத்தாகும், கடைசியில் முழங்கையில் போய் நிற்கும். நீளக் கைதான் இப்போது ஃபேஷன் என்று ஒரு பத்திரிகையில் படித்தபோது எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஒரு நாள் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "22 கிலோ குறைச்சேன்டி. கை மட்டும் பழைய ஆளோடதாவே இருக்கு."

பூங்காவில் இலவச ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. ஓய்வுபெற்ற ஒருவர், நடையை நிறுத்தாமலே, "கையை நல்லா சுத்தும்மா, அங்க இருக்கிற கொழுப்பு கரைஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவளும் இரண்டு நாள் காற்றாடி மாதிரி சுற்றினாள். பிசியோதெரபி படிக்கும் என் பேத்தியிடம் இதைச் சொன்னேன். "எந்தத் தசை வேலை செய்யுதோ, அது மேல இருக்கிற கொழுப்பை மட்டும் உடம்பு எடுக்காது பாட்டி. அது எல்லா இடத்திலிருந்தும் எடுக்கும்" என்றாள். மேல்கைத் தசையில் மூன்றில் இரண்டு பங்கு பின்பக்கத்து டிரைசெப்ஸ்தானாம். உடம்பு இளைக்கும்போது கொழுப்போடு தசையும் கொஞ்சம் போய்விடுமாம். சோற்றைக் குறைக்கிற வேகத்தில் பருப்பையும் முட்டையையும் சேர்த்துக் குறைத்தால் இன்னும் கூடுதலாகப் போகுமாம். போன தசையைத் திரும்ப வளர்க்கலாம், தோலைத்தான் ஒன்றும் சொல்ல முடியாது என்றாள். தோலுக்குள் எலாஸ்டின் என்று ஒரு நார் இருக்கிறதாம். வயது, வெயில், வருஷக்கணக்காக இழுபட்டுக் கிடந்தது, எல்லாம் சேர்ந்து அதை இற்றுப்போக வைத்துவிடுமாம். பாவாடை எலாஸ்டிக் இற்றுப்போனால் என்ன ஆகும் என்று எனக்கா சொல்ல வேண்டும்?

என்னிடம் தைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி கைத் தொங்கலுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அளவெடுக்கும்போது கையைத் தூக்கிக் காட்டினார். அக்குளிலிருந்து முழங்கை வரை உள்பக்கமாக நீளக் கோடு. பிளவுஸ் கை லூஸாக இருந்தால் நான் எங்கே பிடித்து அடிப்பேனோ, டாக்டரும் சரியாக அங்கேதான் பிடித்திருந்தார். துணியில் தையல் உள்ளே போய்விடும், தோலில் வெளியே நிற்கிறது. கை சிறுத்தது உண்மை. ஆனாலும் அந்த அம்மா அதற்குப் பிறகும் முழங்கை வரைதான் கை வைக்கச் சொன்னார்.

தையில் பூங்காப் பெண்ணின் கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் இரண்டு வந்தன. ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்குப் பின்னால் இறக்கி ஏற்றுவாள். முழங்கை காதோரம் நிற்காமல் வெளியே ஓடும். இழுத்து வைப்பாள், மறுபடி ஓடும். எட்டாவது தடவைக்குப் பிறகு உதட்டைக் கடித்துக்கொள்வாள். மாசியில் அதே பாட்டில்களில் மணல். தண்ணீர் ஒரு கிலோ என்றால் மணல் ஒன்றரையைத் தாண்டும். ஒரு தரம் பெஞ்சுக்கு முதுகு காட்டி, கையைப் பின்னால் ஊன்றி, உடம்பை இறக்கிப் பார்த்தாள். தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தவள் அந்தப் பக்கம் அப்புறம் போகவில்லை. புத்திசாலி. பங்குனியில் மரத்தை விட்டுவிட்டுப் பெஞ்சின் விளிம்பில் கை ஊன்றித் தள்ள ஆரம்பித்தாள். மரத்தில் நிமிர்ந்து நிற்கலாம். பெஞ்சில் உடம்பு சாயச் சாயக் கைக்குப் பளு கூடும். எல்லாம் வாரத்தில் மூன்று நாள்தான். இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2020-ல் சொல்லியிருக்கிறதாம், பேத்தி சொன்னாள். முடித்ததும் டப்பாவைத் திறந்து இரண்டு அவித்த முட்டை சாப்பிடுவாள், மஞ்சள் கருவை விட்டுவிடாமல்.

"அந்தக் காலத்துல உரல்ல இடிச்சாங்க, இந்தத் தொங்கலெல்லாம் ஏது?" என்று பக்கத்துப் பெஞ்சில் ஒருத்தி ஆரம்பித்தாள். என் அம்மா உரலில் இடித்தவள்தான். அறுபது வயதில் அவளுக்கும் கை தொங்கத்தான் செய்தது. அந்தக் கையால்தான் நிறைகுடத்தை இடுப்புக்கு ஏற்றினாள் என்பதும் உண்மை. இதையெல்லாம் நான் சொல்லப் போகவில்லை.

சித்திரையில் துப்பட்டா பெஞ்சில் கிடந்தது. வெயில் காரணமாகவும் இருக்கலாம்.

ஆனியில் ஒரு காலை நேராக என்னிடம் வந்தாள். "அம்மா, இதைக் கொஞ்சம் பிடிங்களேன். ஒத்தைக் கையால சரியா வரமாட்டேங்குது." நீட்டியது இஞ்ச் டேப். ஆறு மாதத்தில் எங்களுக்குள் முதல் பேச்சு. கையைத் தொங்கவிட்டு நின்றாள். தோள் எலும்புக்கும் முழங்கை நுனிக்கும் நட்டநடுவில் டேப்பைச் சுற்றினேன். மேலே தோல் இன்னும் வழுக்கி நகர்ந்தது. அதற்கடியில், இறுக்கிச் சுருட்டிக் கட்டிய துணிக்கட்டு மாதிரி ஒன்று விரலில் தட்டுப்பட்டது.

"12½" என்றேன்.

"போன மாசமும் அதேதான்" என்றாள். முகம் கொஞ்சம் சுருங்கியது.

அப்போதுதான் கவனித்தேன். டேப்புக்கும் கைக்கும் நடுவில் என் விரல் ஒன்று இருந்தது. பிளவுஸுக்கு அப்படித்தான் அளப்போம், ஒரு விரல் லூஸ் விட்டு. பழக்கம். விரலை எடுத்துவிட்டு மறுபடி அளக்கலாம் என்று வாயெடுப்பதற்குள், போனில் 12½ என்று எழுதிக்கொண்டு, மணல் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டாள்.