வராதவளுக்குப் போட்ட பூஜ்யம்

கோத்தகிரியில் விடாத மழை. கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. வந்த நேரத்தில் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தான். சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறான். "டீச்சர், என் கட்டுரை நோட்டுல சிவப்பு மையில சுழிப்பீங்களே, அதே மாதிரி இதையும் திருத்திக் கொடுங்க" என்று நாலு பக்கத்தைத் தமிழில் மாற்றி வாட்ஸ்அப்பில் அனுப்பினான்.

ஷேர் மார்க்கெட்டில் இருக்கும் கம்பெனிகளின் கேஷ் ஃப்ளோ கணக்கை எடுத்துத் தரும் ஒரு கருவிக்கு எழுதிய விளக்கம் அது. அதைப் படிக்கப்போவது மனிதர்கள் இல்லையாம், ஏஐ ஏஜென்ட்டாம். ஏஜென்ட் என்றால் எனக்குத் தெரிந்தது எல்ஐசி ஏஜென்ட்டும் இலை வாங்க வருகிற ஏஜென்ட்டும்தான். சிரித்துவிட்டு விளக்கினான். நாம் போனில் ஒரு கம்பெனியைப் பற்றிக் கேட்டால், அந்த ஏஐ தானே ஒரு கருவியைக் கூப்பிட்டு விவரம் வாங்கிப் பதில் சொல்லும். கருவிக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கருவியின் பெயர், அது என்ன செய்யும் என்ற விளக்கம், என்னென்ன கேட்கலாம் என்ற குறிப்பு, இவ்வளவுதான் அதன் கையில் இருக்கும். எழுதாததை அது ஊகித்துக்கொள்ளும். பாடப்புத்தகத்தை மட்டும் நம்பிப் பரீட்சைக்கு வருகிற பிள்ளை மாதிரி என்று புரிந்துகொண்டேன்.

கேஷ் ஃப்ளோவை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். இந்த மாதம் ஃபேக்டரிக்குப் போட்ட பச்சைத் தேயிலைக்குக் காசு அடுத்த மாதம்தான் வரும். நோட்டில் லாபம் இருக்கும், பறிக்கிற பெண்களுக்குக் கூலி கொடுக்கப் பெட்டியில் பணம் இருக்காது. கம்பெனிக்கும் அதே கதைதான். அதனால் பணக் கணக்கை மூன்றாகப் பிரித்துக் காட்டுவார்கள். இலைக் காசும் கூலியும் உரமும் தொழில் நடத்தும் கணக்கு. கவாத்து மெஷின் வாங்கினால் முதலீட்டுக் கணக்கு. சொசைட்டியில் கடன் வாங்கினால் நிதிக் கணக்கு.

சிவப்புப் பேனாவை எடுத்தேன். முதலீட்டில் மைனஸ் வந்தால் நஷ்டம் இல்லை, மெஷின் வாங்கியதாகவும் இருக்கலாம் என்று எழுது என்றேன். தொகை லட்சமா, கோடியா? வருஷம் ஏப்ரலில் தொடங்குகிறதா, ஜனவரியிலா? கம்பெனி தனிக் கணக்கா, துணைக் கம்பெனிகளையும் சேர்த்ததா? இது கம்பெனி தாக்கல் செய்த கணக்கு மட்டுமே, அது உண்மை என்பதற்குக் கருவி சாட்சி இல்லை என்றும் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்பெனியின் தலைவர் தன் கடிதத்தில், கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

எல்லாவற்றுக்கும் "சரி டீச்சர்" என்றான். 'காலாண்டு' என்ற இடத்தில்தான் நின்றோம். அமெரிக்காவில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தக் கணக்கு தாக்கல் ஆகிவிடும். இங்கே செபி விதிப்படி, 2019 ஏப்ரலிலிருந்து, அரையாண்டுக்கு ஒருமுறை கொடுத்தால் போதும். அப்படியானால் ஜூன் காலாண்டைக் கேட்டால் என்ன வரும்?

"0 வரும் டீச்சர். காலியா விட்டா கூட்டல் வராது, அதனால 0 போட்டுட்டோம்."

எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை.

1989-இல் ஏழாம் வகுப்பு. காலாண்டுத் தேர்வு நடந்தது இலை நிறைய வருகிற செப்டம்பரில். ஒரு பெண் கணக்குப் பரீட்சைக்கு வரவில்லை. அம்மாவோடு இலை பறிக்கப் போய்விட்டாள். மார்க் எடுக்கும்போது கட்டம் காலியாக இருந்தால் மொத்தம் போட முடியாதே என்று நான் 0 எழுதினேன். பக்கத்தில் 'வரவில்லை' என்று எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. பிராக்ரஸ் கார்டைப் பார்த்த அவள் அப்பா, "பூஜ்யம் வாங்கற புள்ளைக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்?" என்று நிறுத்திவிட்டார். அரையாண்டு நெருங்கும்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. எஸ்டேட் லைன் வீட்டுக்குப் போய்க் கெஞ்சினேன். "நீங்க போட்ட மார்க்குதானே டீச்சர்" என்றார். அவர் கேட்டது நியாயம். அவள் திரும்பி வரவில்லை. கணக்கில் அவள் கெட்டிக்காரி.

இதை அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. மறுநாள் கருவியிலேயே 0-வை எடுத்துவிட்டு வெற்றிடமாக மாற்றியிருந்தான். விளக்கத்தில் மூன்று வரி சேர்த்திருந்தான்: "இந்தியக் கம்பெனிகளுக்கு இந்தக் கணக்கு அரையாண்டுக்குத்தான் கட்டாயம். காலாண்டில் வெற்றிடம் வரலாம். வெற்றிடம் பூஜ்யம் ஆகாது. 'விவரம் இல்லை' என்று சொல்லிக் கடைசியாக வந்த கணக்கைத் தேதியோடு காட்டு."

முதல் நாள் "தொழிலில் பணமே வரவில்லை" என்று ஒரு கம்பெனியைப் பற்றி அடித்துச் சொன்ன ஏஐ, மறுநாள் "ஜூன் காலாண்டு விவரம் இல்லை, மார்ச் கணக்கு இதோ" என்றதாம். அந்த முதல் பதிலை நம்பி யாராவது ஷேரை விற்றிருந்தால்?

என் உறவுகளில் இப்போது பலரும் போனைக் கேட்டுத்தான் ஷேர் வாங்குகிறீர்கள். பூஜ்யம் என்று அது சொன்னால், "உண்மையிலேயே பூஜ்யமா, வரவில்லையா?" என்று ஒரு தரம் கேளுங்கள். இந்த மாதிரி வேலையில் இருக்கும் என் பிள்ளைகளே, கட்டம் காலியாக இருந்தால் இருக்கட்டும். ஏன் காலி என்று பக்கத்தில் எழுதுங்கள்.

அந்தப் பெண்ணின் பெயரை இங்கே எழுதவில்லை. அவளோடு படித்தவர்களுக்குத் தெரியும். பார்த்தால், அன்றைக்கு நீ வாங்கியது பூஜ்யம் இல்லை என்று டீச்சர் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்