பிரிப்பதற்கென்று போட்ட தையல்

"இன்னைக்கு நான் பிழைக்கணுமா, சாகணுமா?"

மாஷி இதைக் கேட்டபோது தேநீரில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார். வங்காளியில்தான் கேட்டார். சிஸ்டர் எனக்காக அதைத் தமிழில் ஒருமுறை சொல்லிவிட்டு மாஷியின் பக்கம் திரும்பி, பிழைத்துக்கொள்ளும்படி சொன்னார். "இந்த பேட்ச் புதுசு தம்பி. முத நாளே பேஷண்ட் செத்தா பிள்ளைக பயந்து மறுநாள் வராதுக, பாத்துக்கிடுங்க." மாஷி சரியென்று தலையாட்டி, இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.

கல்கத்தாவின் கார்டன் ரீச்சில், மெட்டியாபுரூஸ் பக்கம் திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது அந்தப் பயிற்சிக்கூடம். பெயர்ப்பலகை கிடையாது. கீழே துணிக் கிடங்கு. மேலே இரண்டு அறைகள். கிதிர்பூரில் ஆட்டோ பிடித்து, துறைமுகத்துத் தூக்குப் பாலத்தைத் தாண்டி, பிறகு வழி கேட்டுக்கேட்டுத்தான் போய்ச் சேர்ந்தேன். சந்துக்குள் ஆளுயர மூட்டைகளோடு தள்ளுவண்டிகள் எதிரே வந்தன. அத்தனையும் குழந்தைகளுக்கான கவுன்கள். ஒவ்வொரு வண்டிக்கும் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டியிருந்தது. இந்த வழியில் ஸ்ட்ரெச்சர் எப்படி வரும் என்ற நினைப்பு அப்போதே வந்துவிட்டது.

சிஸ்டருக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். நாற்பது வருடங்களுக்கு முன் கல்யாணமாகி இங்கே வந்தவர். கணவருக்கு ரயில்வேயில் வேலை. தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம் கார்டன் ரீச்சில்தான் இருக்கிறது. அதைப் பழைய பெங்கால் நாக்பூர் ரயில்வேயின் நினைவாக 'பி.என்.ஆர்.' என்றுதான் சிஸ்டர் இப்போதும் சொல்கிறார். வேலைக்காலம் முழுக்க லேபர் ரூமில் நின்றவர். ஓய்வுபெற்ற பிறகு சின்னச் சின்ன நர்சிங் ஹோம்களில் வேலை பார்க்கும் பெண்களை, ஒரு நேரத்துக்கு ஆறு பேராக வரவழைத்துப் பழக்குகிறார். சொல்லித்தருகிறார் என்று நான் சொன்னதும் திருத்தினார். "சொல்லி எல்லாம் குடுத்தாச்சு தம்பி, அவுகளுக்குப் படிப்பில். என்ன செய்யணும்னு கேட்டா கடகடன்னு ஒப்பிப்பாளுக. ஆனா ரத்தத்தப் பாத்தா கை போகாது. நான் கையத்தான் பழக்குறேன்."

மருத்துவக் கல்லூரிகளில் இதற்கென்று தனி அறைகள் உண்டு. 2019-இல் வந்த புதிய பாடத்திட்டம் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் திறன் பயிற்சிக்கூடம் இருந்தாக வேண்டும் என்றே விதித்தது. மூச்சுவிடும் பொம்மை, வெளிச்சம் பட்டால் கண்பாவை சுருங்கும் பொம்மை, கண்ணாடிச் சுவருக்குப் பின்னாலிருந்து நோயாளியாகக் குரல் கொடுக்கும் ஆள் என்று அது ஒரு தனி உலகம். அந்த உலகத்தின் வாசலைக்கூட சிஸ்டரிடம் வரும் பெண்கள் மிதித்ததில்லை. அவர்களுக்குப் பொம்மையும் மாஷிதான், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் குரலும் மாஷிதான்.

மாஷி ஆயாவாக இருந்தவர். எத்தனை பிரசவம் பார்த்திருப்பீர்கள் என்று கேட்டால் சிரிக்கிறார். அவர் இடுப்பில் கட்டிக்கொள்வது ஒரு துணி வயிறு. பழுப்பு நிறக் கெட்டித் துணியில் பஞ்சு அடைத்துத் தைத்தது. உள்ளே ஒரு பை, பைக்குள் மணல் அடைத்த குழந்தை. எடை போட்டுப் பார்த்தேன், இரண்டேமுக்கால் கிலோ. இன்னொரு பக்கம் சிவப்புத் தண்ணீர் நிறைத்த பிளாஸ்டிக் பை. சலைன் ஏற்றும் குழாயில் ஒரு சின்ன உருளை இருக்குமே, அதைப் பெருவிரலால் நகர்த்தி எவ்வளவு ரத்தம் போக வேண்டும் என்பதை மாஷி தீர்மானிக்கிறார். அந்தச் சிவப்பு வேறொன்றுமில்லை, வங்காளப் பெண்கள் பாதத்தில் பூசும் ஆல்தா. கருப்பை கெட்டியாகிவிட்டதா, தளர்ந்து கிடக்கிறதா என்று பெண்கள் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள் இல்லையா? துணிக்கு அடியில் மாஷியின் இடது கை இருக்கிறது. விரல்களை விரித்தால் தளர்ந்த கருப்பை, முஷ்டியாக மடக்கினால் இறுகிய கருப்பை. சரியான இடத்தில், சரியான அழுத்தத்தில் தேய்த்துவிட்டால்தான் முஷ்டி மூடும். மாஷியை ஏமாற்ற முடியாது.

நார்வேயில் ஒரு நிறுவனம் இதே யோசனையில், ஆள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் பிரசவப் பொம்மையைச் செய்து விற்கிறது. 1960-இல் வாய்வழி மூச்சுக் கொடுத்துப் பழக ஒரு பெண் பொம்மையைச் செய்த அதே லேர்தால் நிறுவனம்தான். அதற்குமுன் அவர்கள் விளையாட்டுப் பொம்மை செய்துகொண்டிருந்தவர்கள் என்று நான் சொன்னதும் சிஸ்டருக்கு மகிழ்ச்சி. "அப்பம் நம்ம ஒஸ்தாகர் மாதிரி ஆளுகதான்னு சொல்லுங்க" என்றார்.

ஒஸ்தாகரிடம் பிறகு வருகிறேன். முதலில் அன்றைய பிரசவம்.

மாஷி கட்டிலில் படுத்தார். ஆறு பெண்களில் ஒருத்தி, இருபத்திரண்டு வயதிருக்கும், பிரசவம் பார்க்க முன்னால் நின்றாள். மாஷி போட்ட கூச்சலில் கீழே கிடங்கில் தையல் இயந்திரம் ஒன்று நின்று, பிறகு மறுபடி ஓடியது. குழந்தை வெளியே வந்தது. அழவில்லை. பிறந்து ஒரு நிமிடத்துக்குள் குழந்தை மூச்சுவிட்டாக வேண்டும், இல்லையென்றால் அம்பு பையை வைத்துக் காற்றுக் கொடுக்க வேண்டும் என்பது பாடம். அந்தப் பெண் அதை அப்பழுக்கில்லாமல் செய்தாள். துடைத்தாள், முதுகைத் தேய்த்தாள், தலையைச் சரியாக வைத்து, முகமூடியைப் பொருத்தி அழுத்தினாள். மற்ற ஐந்து பேரும் அவளைச் சுற்றி நின்றுவிட்டார்கள். நானும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சிஸ்டர் குழந்தைக்காக அழுது காட்டியதும் எல்லோரும் சிரித்தோம்.

மாஷியின் கீழே விரித்திருந்த கருநீலச் சேலை நனைந்துகொண்டிருந்தது. கருநீலத்தில் சிவப்புத் தெரியாது. "தண்ணி" என்றார் மாஷி. யாரோ ஒருத்தி, இதோ தருகிறேன் என்று திரும்பாமலே சொன்னாள். மாஷியின் முனகல் குறைந்துகொண்டே போயிற்று. சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். நான்காவது நிமிடத்தில் சேலையிலிருந்து ஒரு சொட்டு சிமெண்ட் தரையில் விழுந்தது. அதன்பிறகுதான் ஓட்டமும் நடையும். ஒருத்தி வயிற்றைத் தேய்த்தாள், ஒருத்தி ஆக்ஸிடோசின் பத்து யூனிட் என்று கத்தினாள், ஒருத்தி கால் பக்கம் போய் என்ன செய்வதென்று தெரியாமல் காலைப் பிடித்துக்கொண்டாள். முஷ்டி மெல்ல மூடியது. மாஷி பிழைத்தார், சொன்னபடி.

பிறகு வட்டமாகத் தரையில் உட்கார்ந்தார்கள். நான் பார்க்க வந்தது இதைத்தான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. திட்டு விழும் என்று காத்திருந்தேன், அந்தப் பெண்ணும் காத்திருந்தாள். சிஸ்டர் கேட்ட முதல் கேள்வி, "குழந்த அழுதப்பம் நீ எங்க பாத்துக்கிட்டு நின்ன?" ஏன் பார்க்கவில்லை என்று அவர் யாரையும் கேட்கவில்லை. ஏன் என்று கேட்டால் சாக்கு வரும், எங்கே என்று கேட்டால் உண்மை வரும் என்பது அவர் அனுபவம். ஒவ்வொருத்தியும் தான் நின்ற இடத்தையும் பார்த்த பொருளையும் சொன்னாள். ஆறு பேரும் குழந்தையைச் சொன்னார்கள். கடைசியில் சிஸ்டர் மாஷியிடம் கேட்டார், எந்த நேரத்தில் தனியாகிவிட்டதாகத் தோன்றியது என்று. மாஷி யோசிக்கவே இல்லை. "எல்லாரும் சிரிச்சீங்களே, அப்போ. நான் ஃபேனைப் பாத்துட்டு இருந்தேன்."

அந்தப் பெண் அழுதாள். சிஸ்டர் அழவிட்டார். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. தாயின் பக்கம் யார் நிற்பது என்று குழந்தை பிறக்கும் முன்பே பெயர் சொல்லி முடிவு செய்துகொள்ளும் வழக்கத்தை அந்தப் பெண்களே பேசிப்பேசிக் கண்டுபிடிக்க அரை மணி நேரமாயிற்று. சிஸ்டர் அதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். சொன்னால் எழுதிக்கொண்டு போய்விடுவார்களாம்.

மதியம் ரத்தம் அளக்கும் பாடம். அளந்து வைத்த ஆல்தாத் தண்ணீரைப் பழைய சேலையில், தரையில், பஞ்சில் ஊற்றிவிட்டு எவ்வளவு என்று கேட்கிறார். தரையில் இருந்ததை நான் இருநூறு மில்லி என்றேன். ஐந்நூறு. பெண்களில் பாதிப் பேர் என்னைவிடக் குறைவாகச் சொன்னார்கள். பிரசவத்துக்குப்பின் ஐந்நூறு மில்லிக்கு மேல் போனால் அதை ஆபத்தான உதிரப்போக்காகக் கணக்கில் கொள்ள வேண்டும். கண் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறது. 2023-இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று, கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா மருத்துவமனைகளில் நடந்தது. அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பால் ரத்தத்தை அளந்து, அளவு தாண்டியதும் எல்லாச் சிகிச்சையையும் ஒரே மூச்சில் தொடங்கினார்கள். கடுமையான உதிரப்போக்கும் அதன் விளைவுகளும் அறுபது சதவீதம் குறைந்தன. சிஸ்டரிடம் அந்த மாதிரி விரிப்பு ஒன்று பாடம் நடத்த மட்டும் இருக்கிறது. பாலித்தீனைக் கூம்பாக மடித்துத் தைத்து, மார்க்கர் பேனாவால் கோடு போட்டது. தைத்தவர் ஒஸ்தாகர்.

வங்காளத்தில் தையல் முதலாளியை, கைதேர்ந்த தையல்காரரை ஒஸ்தாகர் என்கிறார்கள். 1856-இல் அவத் ராஜ்ஜியத்தை இழந்து இங்கே வந்த நவாப் வாஜித் அலி ஷா, 1887-இல் இறக்கும்வரை மெட்டியாபுரூஸில்தான் இருந்தார். அவரோடு சமையல்காரர்களும் இசைக்காரர்களும் தையல்காரர்களும் வந்தார்கள். கல்கத்தா பிரியாணிக்கு உருளைக்கிழங்கு வந்த கதையை எல்லோரும் சொல்வார்கள், தையல்காரர்களைப் பற்றி யாரும் சொல்வதில்லை. இன்று கிழக்கிந்தியாவின் பெரிய ஆயத்த ஆடைச் சந்தைகளில் ஒன்று அந்தத் தையலில் நிற்கிறது.

நம் ஒஸ்தாகருக்கு அறுபதைத் தாண்டிய வயது. துணி வயிற்றை முதலில் தைக்கச் சொன்னபோது வெட்கப்பட்டு மறுத்துவிட்டாராம். அவர் மனைவிதான் அதட்டி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறார். தொப்புள்கொடியைக் காட்டினார். மூன்று நாடாக்களை முறுக்கி மெல்லிய துணியால் உறை போட்டது, இரண்டு நீலம், ஒரு சிவப்பு. முதல்முறை இரண்டு சிவப்பு, ஒரு நீலம் வைத்துவிட்டார். சிவப்பு என்றால் நல்ல ரத்தம், தாயிடமிருந்து குழந்தைக்கு வருவது, அதற்கு ஒரே குழாய்தான் என்று சிஸ்டர் விளக்கிய பிறகு, இரவோடு இரவாகப் பிரித்துத் தைத்திருக்கிறார். பூஜைக்கும் ஈதுக்கும் முந்தைய மாதங்களில் மட்டும் சிஸ்டரின் வேலை மூலைக்குப் போய்விடும். "அந்த ரெண்டு மாசம் இங்க யாருக்கும் பிரசவம் கெடையாது" என்று சிஸ்டர் அலுத்துக்கொண்டார்.

ஒஸ்தாகரிடம் ஒரு பிரெஞ்சு மருத்துவச்சியின் கதையைச் சொன்னேன். 1759-இல் பதினைந்தாம் லூயி மன்னர், ஆங்கெலிக் து கூத்ரே என்ற மருத்துவச்சியை ஊர் ஊராகப் போய்க் கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கப் பழக்கும்படி அனுப்பினார். துணியிலும் தோலிலும் பஞ்சடைத்துத் தைத்த ஆளளவு இடுப்பும் குழந்தையும்தான் அவர் கொண்டுபோன பள்ளிக்கூடம். அதில் ஒன்று ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். ஒஸ்தாகர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். பிரெஞ்சு தேசமும் மன்னரும் அவருக்குப் பொருட்டில்லை. தொடை இடுக்கில் இருந்த தையலைப் பெரிதாக்கிப் பார்த்து, "இங்கே இரட்டைத் தையல் போட்டிருக்காங்க. போடலேன்னா ரெண்டே குழந்தையில கிழிஞ்சுடும்" என்றார்.

கூடத்து அலமாரியில் இன்னொரு பொருளும் இருந்தது. பிரசவ ரத்தப்போக்கில் அதிர்ச்சிக்குப் போகும் பெண்ணுக்குக் கணுக்காலிலிருந்து வயிறுவரை இறுக்கிக் கட்டும் வெல்க்ரோ உடை, கால்களில் இருக்கும் ரத்தத்தை மேலே இதயத்துக்கும் மூளைக்கும் தள்ளுவதற்கு. நம் தமிழ்நாட்டிலும் இது பயன்பாட்டில் உள்ளது. கட்டும்போது கணுக்காலில் தொடங்கி மேலே போக வேண்டும். கழற்றும்போதும் கணுக்காலில்தான் தொடங்க வேண்டும், ஒவ்வொரு பட்டைக்கும் நடுவே கால் மணி நேரம் விட்டு, நாடியும் ரத்த அழுத்தமும் நிலையாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து. அவசரத்தில் வயிற்றுப் பட்டையை முதலில் அவிழ்த்தால் உயிருக்கே ஆபத்து. பழக்கத்துக்காக ஒஸ்தாகர் சாதாரணத் துணியில் இதன் நகல் ஒன்று தைத்துக் கொடுத்திருக்கிறார். பட்டைகளில் எண் போட்டது அவர் யோசனை.

தையலில் 'காச்சா சேலாய்' என்று ஒன்று உண்டு, பச்சைத் தையல். முழுத் தையலுக்குமுன் நீளநீளமாக ஓட்டி வைப்பது. உடம்பில் போட்டுப் பார்த்துவிட்டு, பிரித்துவிட்டுத்தான் இயந்திரத்தில் ஓட்டுவார்கள். மாடியில் நடப்பது என்னவென்று புரிகிறதா என்று ஒஸ்தாகரிடம் கேட்டேன். "காச்சா சேலாய்" என்றார், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இதைச் சிஸ்டரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. இளவயதில், வேறோர் ஊர் மருத்துவமனையில், ரத்த அழுத்தம் ஏறியிருந்த ஒரு தாய்க்குக் கொடுக்கக்கூடாத மெத்தர்ஜினை ஆக்ஸிடோசின் என்று நினைத்து ஊசியில் ஏற்றிவிட்டாராம். குப்பிகள் ஒன்றுபோலவே இருந்தன. பக்கத்திலிருந்த தோழி கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி குப்பைக்குப் போயிற்று. "யாரும் எழுதல தம்பி. நானும் எழுதல. அடுத்த வாரமும் அதே ரெண்டு குப்பியும் அதே தட்டுலதான் இருந்துது." இப்போது கூடத்தில் ஒரு நோட்டு இருக்கிறது. தப்பிய பிழைகளை மட்டும் எழுத, பெயர் போடாமல். வேலை பார்க்கும் இடத்தில் நடந்ததையும் பெண்கள் வந்து எழுதுகிறார்கள். அந்தப் பக்கங்களை நான் பார்க்க அவர் அனுமதிக்கவில்லை. அதுவும் சரிதான்.

நோட்டு தொடங்கியது 2023-இல். அந்த ஜூன் 2-ஆம் தேதி, ஆற்றுக்கு அக்கரையில் ஷாலிமாரிலிருந்து புறப்பட்ட கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிசாவின் பஹாநாகா பஜாரில் கிளைப்பாதைக்குள் திரும்பி, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. இருநூற்றுத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வேலூருக்கு வைத்தியத்துக்குப் போகும் வங்காளிகள் காலங்காலமாக ஏறும் வண்டி அது. நமக்கோ ஊருக்குத் திரும்பும் வண்டி. சிக்னல் கம்பிகளைத் தவறாக இணைத்ததே காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சொன்னது. அதே கரக்பூர் கோட்டத்தில், பாங்க்ராநயாபாஸ் நிலையத்தில், 2022 மே 16-இல் இதேபோன்ற தவறான இணைப்பால் ஒரு சம்பவம் நடந்திருந்தது. அப்போதே சரிசெய்திருந்தால் பஹாநாகா நடந்திருக்காது என்றும் அந்த அறிக்கை எழுதியது. சிஸ்டர் அந்தச் செய்தியை வெட்டி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். அந்த ஒரு பக்கத்தை மட்டும் காட்டினார்.

சாயங்காலம் கீழே இறங்கினேன். மாஷி நனைந்த வயிற்றை ஒரு பக்கெட்டில் போட்டு எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். ஒஸ்தாகர் அதை வாங்கி, பக்கவாட்டுத் தையலைப் பிளேடால் சரசரவென்று பிரித்து, ஆல்தாவில் ஊறிய பஞ்சைப் பிழிந்து எடுத்தார். கிடங்கு வாசலில் தொங்கிய வெள்ளைக் கவுன்களில் படாதபடி தள்ளி நின்றுகொண்டார். மாஷியைப் பார்த்து ஏதோ கேட்டார். பிழைத்தாயா என்று கேட்டிருக்க வேண்டும்.

"பிழைச்சேன். ஆனா லேட்டு" என்றார் மாஷி. "நாளைக்குப் பத்து மணிக்கு மறுபடி பிரசவம். அதுக்குள்ள காய வெச்சுக் குடு."