பள்ளத்தை ஒட்டி ஒரு சைக்கிள்

பொலிவியாவில் சைக்கிள் ஓட்டணும்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை. லா பாஸ் நகரத்துக்கு மேலே லா கும்ப்ரேன்னு ஒரு கணவாய், உயரம் சுமார் 4,650 மீட்டர். காலையில் அங்கே குளிரில் நடுங்கிக்கிட்டு கிளம்பினால், மதியம் யுங்காஸ் காட்டுக்குள்ளே 1,200 மீட்டரில் இருக்கிற யோலோசா கிராமத்தில் வியர்த்து வழிய நிற்கலாம். கிட்டத்தட்ட வழி முழுக்க இறக்கம்தான். மிதிக்கிற கால் வலிக்காது, பிரேக் பிடிக்கிற விரல்தான் வலிக்குமாம். முடிச்சவங்களுக்கு 'மரணச் சாலை'ன்னு போட்ட டி-ஷர்ட் வேற தருவாங்க.

அப்பா இருபது வருஷம் மலைப்பாதையில் லாரி ஓட்டினவர். ஒரு நாள் ராத்திரி அவருக்கு அந்த வீடியோவைக் காட்டினேன். (பெருமை அடிச்சுக்கத்தான், வேறென்ன!) கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "வலது பக்கம் ஓட்டுற நாடுதானே, இங்க மட்டும் ஏன் இடது பக்கம் போறான்?" என்றார். பத்து தடவை பார்த்த எனக்குத் தோணவே இல்லை.

தேடிப் படிச்சேன். பொலிவியாவில் ஸ்டியரிங் இடது பக்கம். இந்தச் சாலையில் இறங்குகிற வண்டி இடது பக்கம், அதாவது பள்ளத்தை ஒட்டிப் போகணும். டிரைவர் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தால் வெளிச் சக்கரம் எங்கே இருக்குன்னு தெரியும். ஏறுகிற வண்டி மலையை ஒட்டி, வழியும் அதுக்குத்தான் முதலில். சாலையோ சில இடங்களில் 3 மீட்டர்தான் அகலம். சைக்கிளுக்கும் அதே விதி. இறங்குறவன் பள்ளத்தோரம்.

"ஓட்டத் தெரிஞ்சவன் போட்ட சட்டம்" என்றார் அப்பா. அப்புறம் ஓரத்தில் இருந்த சிலுவைகளைக் காட்டி, "இதெல்லாம் யாரு?" என்றார்.

சொன்னேன். 1930களில் சாக்கோ போரில் பிடிபட்ட பராகுவே கைதிகளை வச்சு வெட்டின சாலை. 1983 ஜூலையில் ஒரே பஸ்ஸில் நூறு பேருக்கு மேல் போயிட்டாங்க. 1995-ல் ஒரு வளர்ச்சி வங்கி இதை உலகத்திலேயே ஆபத்தான சாலைன்னு சொல்ல, அந்தப் பெயரைப் பார்த்துதான் எங்களை மாதிரி ஆட்கள் போக ஆரம்பிச்சாங்க. 2006 வாக்கில் புதுச் சாலை வந்ததும் பஸ்ஸும் லாரியும் பெரும்பாலும் அந்தப் பக்கம் போயிடுச்சு. பழைய சாலையில் இப்போ முக்கால்வாசி சைக்கிள்தான். அதிலும் விழுந்து செத்தவங்க இருக்காங்க.

"நாங்க சோத்துக்கு ஓட்டினோம். நீ காசு கொடுத்து ஓட்டப் போறியா?"

என்கிட்ட பதில் இல்லை. இப்பவும் இல்லை. ஆசை மட்டும் போகலை.

மறுநாள் காலையில் டீ குடிச்சுக்கிட்டே அவரே கேட்டார், "அங்க மழைக்காலம் எப்போ?"

"நவம்பரிலிருந்து மார்ச் வரைக்கும்ப்பா."

"அப்ப ஜூன், ஜூலைல போ. மேலே ரெண்டு நாள் தங்கி மூச்சு பழகிட்டு இறங்கு. ரெண்டு பிரேக்கையும் நீயே பிடிச்சுப் பாரு. அவன் சரியா இருக்குன்னு சொன்னான்னு ஏறிடாத."

டி-ஷர்ட் விஷயத்தை மட்டும் நான் அவர்கிட்ட இன்னும் சொல்லலை.