பாட்டிக்கும் ஒரு நம்பர்

 

நம்ம கோயில் உபயப் பதிவைக் கம்ப்யூட்டர்ல ஏத்துற வேலையை நிர்வாகம் என்கிட்ட கொடுத்தாங்க. நான் படிச்சது எஸ்பிஎம் வரைக்கும்தான். அந்த வேலையில நான் செஞ்ச ஒரு தப்பை இங்கே சொல்லியாகணும்.

பழைய நோட்டுல பேரு, நட்சத்திரம் மட்டும்தான். அர்ச்சனைக்கு அது போதும். ஆனா நட்சத்திரம் மொத்தமே 27. ஒரே பேரு, ஒரே ரோகிணியில ரெண்டு சுப்பிரமணியம் இருந்தாங்க. ஒருத்தர் கட்டின பணம் இன்னொருத்தர் கணக்குல ஏறிடுச்சு. போன் நம்பரை வச்சுப் பிரிக்கலாம்னா, வீட்டுக்கே ஒரு போன், அதுவும் அடிக்கடி மாறும்.

சரி, ஐசி நம்பர் போடுவோம்னு முடிவு பண்ணேன். 12 இலக்கம், ஒருத்தருக்கு இருக்கிறது இன்னொருத்தருக்கு இருக்காது. ஐசி நம்பர் இல்லாம அடுத்த பக்கம் போகாத மாதிரி பாரத்தைச் செஞ்சேன்.

முதல் நாளே ஒரு பாட்டி வந்தாங்க. புத்ராஜெயா கட்டுறதுக்காக எடுத்த தோட்டத்துல இருந்து தாமான் பெர்மாத்தாவுக்கு வந்தவங்க. இறந்துபோன மகன் பேருல உபயம் செய்யணும்னு 50 ரிங்கிட்டை முந்தானையில முடிஞ்சு கொண்டு வந்திருந்தாங்க. நான் ஐசி கேட்டேன்.

"எனக்குப் பொறப்புப் பத்திரமே இல்ல ஐயா. நம்பர் ஏது?"

சொல்லிட்டு பணத்தை மறுபடி முடிஞ்சுக்கிட்டாங்க. அம்மன் சன்னதி முன்னால அவங்களைத் திருப்பி அனுப்பப் பார்த்தது நான் செஞ்ச பாரம்தான். அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

யோசிச்சுப் பார்த்தா ஐசி நம்பருக்குள்ள ஒருத்தரோட கதையே இருக்கு. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த ரெண்டு பிறந்த இடம், கடைசி இலக்கம் ஒற்றைன்னா ஆண், இரட்டைன்னா பெண். கோயில் மேசையில கிடக்கிற காகிதத்துல அதெல்லாம் எதுக்கு? அதோட, பழைய ஐசி நம்பர் போய் இந்த 12 இலக்கம் வந்ததே 1990லதான். அரசாங்கம் கொடுத்த நம்பரே மாறியிருக்கு.

பேக்டரியில ஒவ்வொரு பெட்டிக்கும் வரிசை நம்பர் ஒட்டுவோம். அந்த நம்பருக்குன்னு அர்த்தம் எதுவும் கிடையாது. பெட்டி கழிவாப் போனாலும் அதே நம்பரை வேற பெட்டிக்குக் கொடுக்க மாட்டோம். கொடுத்தா பழைய கணக்கும் புதுக் கணக்கும் கலந்துடும்.

அதையே இங்கேயும் செஞ்சேன். வர்றவங்களுக்குக் கோயிலே வரிசையா ஒரு நம்பர் கொடுக்கும். பேரு, போன், வீடு எது மாறினாலும் நம்பர் மாறாது. ஒருத்தர் காலமானாலும் அவர் நம்பர் அவருக்கே. திருவிழாவுல ரெண்டு மேசை போட்டா முதல் மேசைக்கு 1001ல இருந்து, ரெண்டாவது மேசைக்கு 5001ல இருந்து. ஒரே நம்பர் ரெண்டு பேருக்குப் போகாது.

மறுவாரம் பாட்டி வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டு ரசீது எழுதிக் கொடுத்தேன். நம்பரைத் தடவிப் பார்த்துட்டு, "இது எனக்கே எனக்கா?"ன்னு கேட்டாங்க.

ஐசி இல்லாதவங்க தயங்காம வாங்க. நம்பர் மறந்தாலும் பரவாயில்லை, பேரைச் சொல்லுங்க, தேடி எடுத்துக்கலாம். அம்மன் துணை.