செம்பாவுக்கு வரன் பார்த்த கதை

“என்னக்கா, குதிரைக்கு வரன் பார்க்கறீங்களாமே?” என்று கேட்டுச் சிரித்தாள் பால் ஊற்றுகிற பெண். நானும் கூடவே சிரித்து வைத்தேன். ஆனால் அந்த மூன்று மாதமும் நான் பட்ட பாடு, பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தாய் படுகிற பாட்டுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

எங்களுக்கு ஏது குதிரை என்று கேட்பீர்கள். என் கணவர் குன்னூர் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் கிளார்க். பங்களாவில் இருந்த பெரியவர் ஆசையாக ஒரு பெட்டைக் குதிரைக்குட்டி வாங்கினார். தள்ளாத வயதில் மகனோடு வெளிநாடு போக வேண்டி வந்ததும், “நீங்களே பார்த்துக்குங்க” என்று எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். செந்நிறமாக இருந்ததால் செம்பா என்று பெயர் வைத்தோம். ராணுவ லாயத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாத்தா ஒருவர் பக்கத்து லைனில் இருந்தார். செம்பாவைப் பழக்கியதும் அவர்தான், என் மகளுக்குச் சவாரி கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

மகள் பத்தாவது முடித்தாள். அவருக்கும் கோயம்புத்தூர் ஆபீசுக்கு மாற்றல் வந்தது. இரண்டு அறை வாடகை வீட்டில் நாமே ஒண்டிக்கொண்டு இருக்க வேண்டும், குதிரையை எங்கே கட்டுவது?

“நாலரை வயசுதான் ஆகுது அம்மணி. பல்லைப் பார்த்தாலே தெரியும். அஞ்சு வயசுலதான் பல்லெல்லாம் விழுந்து முளைச்சு முடியும். இன்னும் இருபது வருஷம் இருக்கும். நல்ல நடை, நல்ல வாய், லகானைத் தொட்டாலே புரிஞ்சுக்கும். அவசரப்பட்டுத் தள்ளிவிட்டுடாதீங்க” என்றார் தாத்தா.

அவர் சொன்ன இன்னொரு விஷயமும் என் மனதில் தைத்தது. பந்தயக் குதிரைகளை இரண்டு வயதிலேயே ஓட விடுகிறார்கள். பெரும்பாலானவற்றுக்கு ஆறேழு வயதுக்குள் ஓட்டம் முடிந்துவிடுகிறது. குதிரையோ இருபத்தைந்து, முப்பது வருடம் உயிரோடு இருக்கும். மிச்ச வாழ்நாளுக்கு யார் பொறுப்பு? சில குதிரைகள் சவாரிப் பள்ளிக்குப் போகின்றன. மற்றவை கை மாறிக் கை மாறி எங்கே போய்ச் சேருகின்றன என்றே தெரிவதில்லை. ஊட்டிப் பந்தயத் திடலை 2024 ஜூனில் மாவட்ட நிர்வாகம் கையகப்படுத்தியது. அதற்கு முன் ஏப்ரல் சீசனுக்கு வந்து இறங்குகிற குதிரைகளை வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். ஓடி முடித்த பிறகு அவை என்ன ஆகும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

முதலில் வந்தவர் ஒரு தரகர். எடுத்த எடுப்பிலேயே நல்ல விலை சொன்னார். “எங்கே கொண்டு போவீங்க?” என்றேன். ஊட்டியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றவாம். நாள் முழுக்க யார் யாரையோ சுமந்து, சீசன் முடிந்ததும் தெருவில் குப்பையை மேய்கிற குதிரைகளை நான் பார்க்காதவளா? பிளாஸ்டிக்கைத் தின்று வயிற்று வலி வந்தால் குதிரையால் வாந்தி எடுக்கக்கூட முடியாது, அதன் உடலமைப்பு அப்படி. வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்து ஓர் இளம் ராணுவ அதிகாரி. வெலிங்டனில் 1947 முதல் இருக்கிற ஸ்டாஃப் காலேஜில் படிக்க வந்தவர். தங்கமான பிள்ளை. ஆனால் படிப்பு ஒரு வருடத்துக்குள் முடிந்துவிடும், பிறகு எந்த ஊரோ! செம்பா மறுபடியும் வீடு தேட வேண்டும். அவரே யோசித்து, “இது சரியில்லைம்மா” என்று ஒதுங்கிக்கொண்டார்.

மூன்றாவதாக, கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பெரிய தோட்டம், லாயம், ஆள் வசதி எல்லாம் உண்டு. எட்டு வயதுப் பையனுக்காக வாங்குகிறார்கள். தரகர் சொன்ன விலையைவிடவும் அதிகம் தரத் தயாராக இருந்தார்கள். என் மகளின் படிப்புச் செலவுக்கு அது எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்!

ஆனால் செம்பாவிடம் ஒரு குறை இருந்தது. ஒரு பனிமூட்டக் காலையில் தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து ஒரு காட்டெருமை திடீரென்று எழுந்தது. அன்று எதிரே வந்த ஆள் பயத்தில் குடையைப் படீரென்று விரிக்க, செம்பா பக்கவாட்டில் பாய்ந்துவிட்டது. மகள் விழுந்து தோள் எலும்பில் விரிசல். (லாயத்து மண்ணிலும் சாணத்திலும் டெட்டனஸ் கிருமி இருக்கும், சிராய்ப்பு என்றாலும் ஊசி போடாமல் விடாதீர்கள் என்று டாக்டர் எச்சரித்தார். குதிரைக்கும் அந்தத் தடுப்பூசி அவசியம்.) அன்று முதல் குடை விரிகிற சத்தம் கேட்டால் போதும், செம்பாவுக்கு உடம்பெல்லாம் நடுங்கும். மற்றபடி குழந்தை மாதிரி.

அவர் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, “குடை விஷயத்தை வாயைத் திறக்காதே. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணுன்னு சும்மாவா சொன்னாங்க?” என்றார். காப்பித் தம்ளர்களோடு வெளியே வந்தேன். அந்தப் பையன் செம்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றான். என் மகள் தோளில் கட்டோடு படுத்திருந்த இரண்டு மாதம் என் கண்முன் வந்தது. அவ்வளவுதான், மூடி மறைக்க மனசு வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அந்த அம்மாள் முகம் வாடிவிட்டது. “சொன்னதுக்கு நன்றிங்க” என்று பையனை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவன் அழுத அழுகை! என் வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மாற்றல் தேதி நெருங்க நெருங்க, தப்புப் பண்ணிவிட்டோமோ என்று எனக்கே ராத்திரி தூக்கம் வரவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு போன். ஓசூர் பக்கம் சிறிய சவாரிப் பள்ளி நடத்துகிற பெண்மணி. “கோயம்புத்தூர்க்காரங்க சொன்னாங்க. குதிரையோட குறையைக் கேக்காமலே சொன்ன வீடாமே, அந்தக் குதிரையைப் பார்க்கணும்” என்றார்.

வந்தார். வந்ததும் ஏறி உட்காரவில்லை. நாலு குளம்பையும் தூக்கிப் பார்த்தார். தாத்தா சவாரி செய்யச் சொல்லிப் பார்த்தார். அப்புறம்தான் தானே ஏறினார். மறுநாள் ஒரு குடையோடு வந்து, எட்ட நின்று மெல்ல விரிப்பதும், செம்பா அமைதியானதும் கொள்ளு கொடுப்பதுமாக ஒரு மணி நேரம் பொறுமையாக இருந்தார். “இது குறும்பு இல்லைம்மா, பயம். சின்ன வயசு, மாத்திடலாம்” என்றார். அவர் தந்த பணம் தரகர் சொன்னதில் பாதிதான். ஆனால் நான் கேட்ட மூன்றுக்கும் கையெழுத்துப் போட்டார்: ஒரு மாதம் பழக்கிப் பார்க்கலாம், ஒத்துவராவிட்டால் திருப்பி அனுப்பலாம். பின்னால் வைத்துக்கொள்ள முடியாத நிலை வந்தால் எங்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். நாங்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

அனுப்புவதற்கு முன் கால்நடை மருத்துவர் ரத்தம் எடுத்தார். கிளாண்டர்ஸ் என்கிற தொற்றுநோய் குதிரையிடமிருந்து மனிதருக்கும் பரவக்கூடியது, அது இல்லை என்று தெரிய வேண்டும். பயணம் செய்யத் தகுதி என்கிற சான்றிதழும் வாங்கினோம். 1978-ம் வருட விலங்குப் போக்குவரத்து விதிகளில் அது கட்டாயம். மேட்டுப்பாளையம் வரைக்கும் கொண்டை ஊசி வளைவுகள் அல்லவா? தலையை இறுக்கிக் கட்டினால் குதிரையால் சமாளித்து நிற்க முடியாது என்று கயிற்றைத் தளர்த்திக் கட்டினார் தாத்தா. லாரி நகர்ந்ததும் என் மகள் அழவில்லை. நான்தான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அந்த ஒரு மாதம் முடிந்ததும் போன் வந்தது. “செம்பா இங்கேயே இருக்கட்டும்மா. நேத்து மழையில நானே குடை பிடிச்சுக்கிட்டுக் கூட்டிட்டு வந்தேன். காதை மட்டும் ஆட்டுச்சு” என்றார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், “குடை விஷயத்தைச் சொன்னது நல்லதாப் போச்சு” என்று மெல்லச் சொன்னார்.

சகோதரிகளே, குதிரை எல்லோர் வீட்டிலும் இருக்காது. ஆனால் நாயோ, பசுவோ, கிளியோ என்றைக்காவது வேறு வீட்டுக்குக் கொடுக்க வேண்டி வரலாம். விலையைக் கேட்பதற்கு முன், எங்கே இருக்கப்போகிறது, யார் பார்த்துக்கொள்வார் என்று கேளுங்கள். அதன் குறையை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். குறை தெரிந்தும் ஏற்றுக்கொள்கிறவர்கள் கையில்தான் அது நன்றாக இருக்கும்.