சோடா மெஷினும் ஒரு வாஷரும்

மாமல்லபுரம் கடற்கரைத் தள்ளுவண்டிகளுக்குக் கோலி சோடா போடுகிறவர் ஒருவர் இன்னும் கைச் சக்கர மெஷினையே வைத்திருக்கிறார் என்று நண்பர் சொன்னார். திருக்கழுக்குன்றம் சாலையோரம், ஓட்டுக் கொட்டகை. பாட்டில் கழுவுவதும் பன்னீர் எசன்ஸ் கலப்பதும் எங்கும் உள்ளதுதான். நான் நின்று பார்த்தது அவர் சிலிண்டர் மாற்றியதை.

காலி சிலிண்டரின் வால்வை மூடி, லைனில் மிச்சமிருந்த கேஸை வெளியே விட்ட பிறகே ஸ்பேனரைத் தொட்டார். நட்டுக்குள்ளிருந்து ஒரு பக்கம் நசுங்கிய நைலான் வாஷர் விழுந்தது. எடுத்து வீசிவிட்டுப் புதியது வைத்தார்.

“நல்லாத்தானேண்ணா இருக்கு?”

“ஒரு தடவ நசுங்கினது மறுபடி ஒழுங்கா உக்காராது தம்பி. இத மிச்சம் பண்ணா விடியறதுக்குள்ள சிலிண்டர் காலி.”

அந்த நட்டுக்கு டெஃப்லான் டேப் சுற்றவில்லை. அங்கே கேஸை அடைப்பது வாஷர்தான், மரை அல்ல. டியூபின் நுனியை வெந்நீரில் முக்கி இளக்கி, முனையில் ஏற்றி, கிளிப்பை முடுக்கினார். வால்வை மெல்லத் திறந்து, ஒவ்வொரு ஜாயிண்டிலும் சோப்பு நுரை தடவினார். கிளிப் ஓரத்தில் கடுகளவு குமிழி ஒன்று எழுந்து உடைந்தது. கால் சுற்று முடுக்கி மறுபடி தடவினார். இப்போது நுரை அசையவில்லை.

மெஷினுக்கு முன்னால் ஒருவழி வால்வு ஒன்று உண்டு. சோடாத் தண்ணீர் அமிலம். லைனுக்குள் திரும்பி ஏறினால் பித்தளையையும் செம்பையும் அரிக்கும்; அந்த உலோகம் குடிக்கிற தண்ணீரில் கலக்கும். அதை இவருக்கு எந்தப் பள்ளியும் சொல்லித் தரவில்லை. பதினான்கு வயதில் செங்கல்பட்டில் ஒரு சோடாக் கடைக்கு வேலைக்குப் போய், முதலாளி பச்சை பிடித்த குழாயைக் காட்டித் திட்டியபோது கற்றுக்கொண்டது. சிலிண்டருக்கு ஈரச் சாக்கு போர்த்துவதும் அப்படித்தான். உள்ளே திரவமாக இருக்கும் கார்பன் டை ஆக்சைடு 31 டிகிரியைத் தாண்டினால் திரவமாகவே இருக்காது. அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் எழுபது மடங்குக்கு மேல் போகும். நம்மூர்ச் சித்திரையில் 31 டிகிரி என்பது காலை வெயில்.

பாட்டிலிலும் அந்த வாஷர் கதைதான். 1870களில் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்றது. மெஷின் கூண்டில் பாட்டில் தலைகீழாகச் சுழலும்போது கோலி கழுத்துக்கு உருண்டு வர, கேஸே அதை ரப்பர் வளையத்தில் அழுத்தி மூடிவிடுகிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு! வளையம் தேய்ந்தால் எல்லாம் வீண்.

இந்தக் கைத்தொழிலுக்கு அரசு போட்டிருக்கும் வரிக் கணக்குதான் எனக்கு ஆறவில்லை. இனிப்பும் வாசனையும் சேர்த்த சோடாவுக்கு 2017இல் 28 சதவீத ஜிஎஸ்டி, மேலே 12 சதவீத செஸ். 2025 செப்டம்பரில் நேராகவே 40. பன்னாட்டுக் கோலா ஆலைக்கும் அதே 40. சிறுதொழிலுக்கான காம்போசிஷன் திட்டத்திலிருந்தும் 2019 அக்டோபரில் இதை நீக்கிவிட்டார்கள். ஆண்டுக்கு 40 லட்சத்துக்குள் விற்றால் பதிவு வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் ஈசிஆர் ரிசார்ட்டுகள் ஜிஎஸ்டி பில் கேட்கின்றன. பதிவு செய்து பில் போட்டால் பன்னீர் சோடா விலை கோலாவைத் தொடுகிறது. போடாவிட்டால் ஆர்டர் இல்லை. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை அத்தனை ரிசார்ட் இருந்தும் இவர் சரக்கு தள்ளுவண்டிக்கு மட்டுமே போகிறது.