கையுயர்த்தும் திடல்

துருக்கி மொழியில் ‘யஸ்மா’ என்றொரு சொல் உண்டு. ‘எழுதப்பட்டது’ என்பது அதன் நேர்ப்பொருள். கையெழுத்துச் சுவடிக்கும் அதுவே பெயர். பெண்கள் தலையில் அணியும் பூவச்சுத் துணிக்கும் அதுவே பெயர். நமது சோழமண்டலக் கரையின் வண்ணத் துணியைக் கலம்காரி என்பர். அதிலுள்ள ‘கலம்’, எழுதுகோலைக் குறிக்கும் அரபுச் சொல். துணியை எழுத்தின் இனமாகவே கருதிய இரு மக்களை எண்ணி மகிழ்ந்திருந்த நமக்கு, யஸ்மாவைப் பொதி பொதியாக அச்சிட்டுத் துருக்கிக்கு அனுப்பிய ஊர் ஒன்று சுவிட்சர்லாந்தின் மலையிடுக்கில் இருக்கிறது என அறிந்தபோது வியப்பு மேலிட்டது.

கிளாருஸ் என்பது அவ்வூரின் பெயர். அது தலைநகராயிருக்கும் சிறு மாநிலத்திற்கும் அதுவே பெயர்; மாநிலம் முழுவதிலும் ஏறத்தாழ 40,000 மக்களே வாழ்கின்றனர். நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் சூரிக் நகரில் பணியாற்றுகிறார். அவரிடம் சென்றிருந்தபோது, மே மாதத்தின் முதல் ஞாயிறன்று நம்மை அங்கே அழைத்துச் சென்றார். ரயிலில் ஒரு மணி நேரப் பயணம். லிந்த் ஆற்றின் குறுகிய பள்ளத்தாக்கு. ஊருக்கு மேலே கிளெர்னிஷ் மலை சுவரெனச் செங்குத்தாக எழுந்து நிற்கிறது.

பழைமையான ஊர் என்று கேள்வியுற்றிருந்தோம். ஆனால் வீதிகளோ நூல் பிடித்தாற்போல் நேராக ஓடுகின்றன. காரணம் ஒரு நெருப்பு. 1861 மே 10 இரவில், தெற்கே மலையிறங்கி வரும் உலர்ந்த வெப்பக் காற்று வீசிக்கொண்டிருந்தபோது பற்றிய தீ, ஊரின் மூன்றில் இரண்டு பங்கைச் சாம்பலாக்கிற்று. பின்னரே இந்தச் சதுர வீதிகள் அமைந்தன. அக்காற்று வீசும் நாளில் தீக்காவல் வைப்பது அப்பள்ளத்தாக்கின் பழைய வழக்கம்.

தீக்குப் பின் கட்டிய இரட்டைக் கோபுரத் தேவாலயத்தின் முன் நெடுநேரம் நின்றோம். பதினாறாம் நூற்றாண்டில் அம்மக்கள் கத்தோலிக்கர், சீர்திருத்தத்தார் என இரண்டாகப் பிரிந்தனர். ஆயினும் கிளாருஸில் இரு சாராரும் ஒரே ஆலயத்தில் முறைவைத்து வழிபட்டு வந்தனர். அது எரிந்தபின் கட்டிய புதியதிலும் அவ்வழக்கம் 1964 வரை நீடித்தது. நம்மூரில் ஒரு ஜமாஅத் பிளவுபட்டால் அடுத்த வெள்ளிக்கே அடுத்த தெருவில் அடிக்கல் விழுந்துவிடும்! ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது நீதியன்று. ஆலயத்தைப் பகிர்ந்த அதே மக்கள், பொதுச்சபையை மட்டும் 1836 வரை சமயவாரியாகத் தனித்தனியே கூட்டிவந்தார்கள்.

துணிக்கு வருவோம். இந்தியச் சீட்டித் துணியின் மீது ஐரோப்பா கொண்ட மோகத்தின் விளைவாகவே, 1740-இல் இங்கே முதல் அச்சுக்கூடம் தோன்றியது. அடுத்த நூற்றாண்டின் நடுவில் மாநிலத்தில் 20-க்கும் மேற்பட்ட அச்சுக்கூடங்கள் இருந்தன. துருக்கிக்கு யஸ்மா, ஜாவாவுக்குப் பத்திக் என, முஸ்லிம் நாடுகள் உடுத்த இவ்வூர் உழைத்தது. ஆற்றின் மறுகரையிலுள்ள எனெண்டாவில், அச்சிட்ட துணிகளை நீளவாக்கில் தொங்கவிட்டு உலர்த்திய மரக்கோபுரம் ஒன்றைக் கண்டோம். நேஃபெல்ஸ் என்னும் ஊரின் அருங்காட்சியகத்தில் துணிகளையே கண்டோம். கண்ணுக்கு இனியவை. ஆயினும் அச்சுக்கட்டைக்குச் சாயம் தடவிக் கொடுத்தவர்கள் சிறு பிள்ளைகள் என்று அறிந்தபின், அந்தச் சிவப்பை முன்போல் பார்க்க இயலவில்லை.

1837-இல் ஒரு முதலாளி வேலை நேரத்தை அறிவிக்க மணி கட்டினார். மணிக்குக் கட்டுப்படமாட்டோம் என்று தொழிலாளர் வேலையை நிறுத்தினர். 1864-இல் அம்மாநிலத்தின் பொதுச்சபை, வளர்ந்த ஆண்களுக்கும் சேர்த்து நாளுக்கு 12 மணி நேரமே வேலை என்றும், இரவு வேலை கூடாதென்றும், பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளை ஆலையில் சேர்க்கலாகாதென்றும் சட்டம் செய்தது. முதலாளியும் கூலியாளும் ஒரே திடலில் நின்று, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே கையுயர்த்திச் செய்த சட்டம் அது.

அந்தச் சபையைக் காணவே நாம் சென்றிருந்தோம். லாண்ட்ஸ்கெமைண்டே என்பார்கள். ஊர்த் திடலில் வட்டமாக மரப்பலகைகள். நடுவே வாளை ஊன்றி நிற்கும் தலைவர். மேடையருகே அமர்ந்து வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள். 1971 முதல் பெண்களும், 2007-இல் செய்த முடிவின்படி 16 வயது நிறைந்தவர்களும் கையுயர்த்துகின்றனர். யாரும் எழுந்து திருத்தம் கூறலாம். எண்ணிக்கை எடுப்பதில்லை, தலைவர் கண்ணால் அளந்து பெரும்பான்மையைச் சொல்கிறார். அவருக்கு ஐயம் எழுந்தால் அமைச்சர்களைக் கலந்துகொள்கிறார். ‘ஷூரா’ என்று பாடம் நடத்தி முப்பது ஆண்டு கழித்த நாம், கயிற்றுக்கு வெளியே வாய் பேசாது நின்றோம்.

அங்கே மாணவர் நமக்கு ஒரு துருக்கிப் பெரியவரை அறிமுகம் செய்தார். நூற்பாலை வேலைக்கு இளைஞராய் வந்து, குடியுரிமை பெற்று, அங்கேயே முதுமை எய்தியவர். நெடுநாளாக மனத்தில் கிடந்த கேள்வியை அவரிடம் கேட்டோம்: 2009-இல் சுவிட்சர்லாந்து மினாரா கட்டுவதைத் தடைசெய்தபோது, கிளாருஸும் பெருவாரியாகத் தடைக்கே வாக்களித்ததே, நம் பெண்களின் தலைத்துணியால் செழித்த ஊரல்லவா?

“அந்த வாக்குச்சீட்டு தபாலில் வந்தது, ஹஜ்ரத், தபாலில் போயிற்று. எந்த வீட்டில் யார் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது” என்றார். சற்றுப் பொறுத்து, “ஆனால் 2017-இல் முகத்திரையைத் தடைசெய்ய வேண்டுமென்ற கோரிக்கை இந்தத் திடலுக்கு வந்தது. நானும் உள்ளே நின்றேன். வேண்டாம் என்போர் கையுயர்த்துக என்றதும் என்னைச் சுற்றி எழுந்த கைகளில் மேடையே மறைந்துவிட்டது” என்றார்.

கோரிக்கை அன்று தெளிவாகத் தோற்றது. ஆனால் 2021-இல் நாடு முழுவதற்குமாக அதே தடை வாக்குச்சீட்டில் வந்தபோது, கிளாருஸ் ஆம் என்றது.

அண்டை வீட்டாரின் முகம் தெரிந்தால் மனிதன் நாணுகிறான் என்று நாம் முடிவுகட்ட முனைந்தோம். மாணவர் மறுத்தார். திடலுக்கு வருவோர் வாக்காளரில் ஒரு பகுதியினரே, ஹஜ்ரத். வீட்டிலிருந்து எழுதியவர்கள் வேறு ஆட்களாகவும் இருக்கலாம் என்றார். எளியவனுக்கு மறைவாக வாக்களிப்பதே காவல் என்பதையும் நினைவூட்டினார். மறுக்க முடியவில்லை. ஆனாலும் அப்பெரியவர் கையை உயர்த்திக் காட்டிய விதம் கண்ணைவிட்டு அகலவில்லை.

சபை கலைந்ததும் மக்கள் அந்நாளுக்கென்றே உள்ள கன்றிறைச்சிக் குழல் உணவுக்கு விரைந்தனர். அது நமக்கு ஆகாது. பெரியவர் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்று, ரொட்டியில் பச்சை நிறப் பாலாடைக் கட்டியைத் துருவித் தந்தார். ஷாப்சீகர் என்று பெயராம். அதைச் செய்யும் முறைக்கு 1463-இலேயே இவ்வூர் சபை விதி வகுத்ததாம். கன்றின் இரைப்பைப் புளிப்பு சேர்ந்திருக்குமோ என நாம் தயங்கினோம். “இது புளிக்காடியால் திரிப்பது, நானும் விசாரித்த பிறகே தின்றேன்” என்று சிரித்தார்.

பிஸ்மில்லாஹ் சொல்லி வாயிலிட்டோம். வெந்தயத்தின் இனத்தைச் சேர்ந்த ஓர் இலையை அதில் பொடித்துக் கலக்கிறார்கள். நம் வீட்டு அடுக்களை மணத்தது. நான்கு மணி ரயிலுக்கு அவரே நிலையம் வரை நடந்து வந்தார்.